அரிவாள்மனைப் பெட்டியும் வெங்காயப் பந்தயமும்

எங்கள் தேவாலயப் பங்கில் என்னைப் பற்றிய கதையொன்று உலவுகிறது. அதற்கு இன்றைக்கு மூன்று பாடங்கள் உண்டு. ஒன்றில் நான் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றில் பங்குக்குருவோடு வாதாடுகிறேன். மூன்றாவதில் மயங்கி விழுகிறேன். என்னை ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். மூன்றும் பொய். மூன்றிலும் வருகிற கண்ணீர் மட்டும் உண்மை. அதற்குக் காரணம் வேறு.

ஆகவே இங்கே நான் கண்ணால் கண்டதையும், கையால் செய்ததையும், தம்முள் கலந்து பேசாத இருவர் ஒரேபடியாகச் சொன்னதையும் மட்டுமே எழுதப் போகிறேன். இந்த நெறியால் சில சுவையான செய்திகள் விடுபட்டுப்போகும். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நான் எவ்வளவு நேரம் பேசினேன் என்பது அவற்றுள் ஒன்று. கால் மணி நேரம் என்பது என் நினைவு. முக்கால் மணி நேரம் என்பது என் மனைவியின் நினைவு. மூன்றாம் சாட்சி உறங்கிவிட்டார். பேசினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பேசிய பொருள் துரு.

கோவையில், பழைய பஞ்சாலைகளுக்கு நடுவே உள்ளது எங்கள் தேவாலயம். ஆண்டுதோறும் செப்டம்பரில் திருவிழா. திருப்பலி முடிந்ததும் அனைவருக்கும் மதிய உணவு. அதற்கு முந்தைய நாள் பிற்பகல், ஆலயத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் பெண்கள் கூடிக் காய்கறி அரிவார்கள். அதற்கெனப் பங்குக்குச் சொந்தமாகப் பதினெட்டு அரிவாள்மனைகள் உண்டு. பலகை வேம்பு; அலகு நல்ல பழைய இரும்பு. துருப்பிடிக்காத எஃகில் புதிதாக வாங்கலாமே என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, பெண்கள் அணியின் தலைவி, அவர் மாவு அரைவை ஆலை நடத்துபவர், ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எவர்சில்வரு நசுக்குமுங்க, இரும்புதான் அறுக்கும்."

அறுக்கும், துருவும் பிடிக்கும். காய் அரிந்து முடித்த களைப்பில் அவற்றைத் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு தகரப் பெட்டியில் அடுக்கி, மணிக்கூண்டின் கீழறையில் வைத்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் குடிலின் மூன்றுகால் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் அது ஓராண்டு கிடக்கும். மறு ஆண்டு திறந்தால் பதினெட்டும் காவி உடுத்தியிருக்கும். அவற்றைச் சிமெண்டுப் படியில் தேய்த்த பிறகே வேலை தொடங்கும். கொடியேற்றம் போலவும் தேர் அலங்காரம் போலவும் அந்தத் தேய்ப்பும் திருவிழாவின் ஒரு சடங்கு என்றே எல்லாரும் கருதினார்கள். நானும் கருதியிருப்பேன், ஒரு திருவிழா அன்று என் இலையில் விழுந்த வெண்பூசணித் துண்டில் செம்பழுப்பாய் ஒரு கோடு இல்லாதிருந்தால்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்து, பிறர் எழுத்தில் சிவப்பு மையால் கோடிட்டவன் நான். என் இலையில் ஒருவர் சிவப்புக் கோடு போட்டது அதுவே முதல் முறை. பேரவைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பேசி அமர்ந்ததும் மாவு ஆலை அம்மையார் கைகூப்பினார்.

"வாத்தியாரய்யா சொல்றது நெம்பச் செரிங்க. நாங்க படிக்காத சனம், எங்களுக்கு இதெல்லாந் தெரியலீங்க. அதனால அடுத்த வருசம் வரைக்கும் பெட்டிய ஐயாவே பாத்துக்கட்டும்."

அவர் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நான் அப்போதாவது வாய் மூடியிருக்கலாம். மாறாக, அடுத்த திருவிழாவுக்குப் பெட்டி திறக்கும்போது எந்த அரிவாள்மனையிலாவது ஒரு புள்ளி துரு இருந்தாலும், அன்றைய சாம்பாருக்கான சின்ன வெங்காயம் முழுவதையும் நான் ஒருவனே உரிப்பேன் என்று அறிவித்தேன். கூட்டம் விழித்துக்கொண்டது. "எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க" என்று அம்மையார் செயலரிடம் சொன்னார். கூட்டக் குறிப்பேட்டில் அந்த வாக்கியம் இன்றும் இருக்கிறது. செயலர் என் அடைமொழிகளைக் குறைத்திருக்கிறார், பொருள் மாறவில்லை.

வீடு திரும்பும்போது என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார். "ஏனுங்க, வெங்காயத்துக்கு எந்தப் பக்கம் தோலு இருக்கும்னு தெரியுமுங்களா?"

அந்த அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, பதினெட்டையும் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் பரப்பினேன். இரும்பின் துருவைப் புளி எடுக்கும் என்பது எல்லாரும் அறிந்தது. பழம்புளியைக் கெட்டியாகக் கரைத்து, அலகுகளில் பூசி, ஊறவிட்டு, தேங்காய் நாராலும் செங்கல் பொடியாலும் தேய்த்தேன். காவி கரைந்தது. கீழே சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தது. முதல் மூன்றையும் குழாயடியில் நன்றாகக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு, காப்பி குடிக்க உள்ளே போனேன். பெருமிதத்தோடு குடித்ததால் சற்று நேரமாயிற்று. திரும்பி வந்தபோது மூன்றின் மீதும் மஞ்சள் தூசி படர்ந்திருந்தது. விரலால் தொட்டேன். தூசியல்ல, புதுத் துரு.

அடுத்த வீட்டுக்காரர் சுற்றுச்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவர் பட்டறையொன்றில் கடைசல் வேலை செய்பவர். இரும்பை அறுக்கும் கருவிகளோடு இருபத்தைந்து ஆண்டுகள் பழகியவர். ஒன்பதாம் வகுப்பில் என் மாணவர். கட்டுரை ஏட்டில் அவருக்கு நான் இட்ட சிவப்புக் கோடுகளை அவர் மறந்துவிட்டதாகச் சொல்வார், அடிக்கடி சொல்வார்.

"என்னுங்க சார், இன்னைக்கு ஊட்ல விருந்துங்களா? அருவாமனையெல்லாம் வரிசையா நிக்குது."

துரு அகற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அவர் மஞ்சள் பூத்த மூன்றையும் பார்த்தார். "அகத்தறீங்களா, வளக்கறீங்களா சார்?"

பிறகு சுவரைச் சுற்றி வந்து, மனமிரங்கி எடுத்துச் சொன்னார். "புளி துருவ உரிச்சுப்போடுது. உரிச்ச இரும்பு பொறந்த குழந்தையாட்டங்க. ஈரத்தோட விட்டீங்கன்னா அப்பவே சளி புடிச்சுக்கும். அதுலயும் புளிப்பு மிச்சமிருந்தா சொல்லவே வேண்டாம். ஆப்ப சோடாவத் தண்ணில கலக்கி ஒரு அலசு அலசோணும். அலசுன கையோட துணில தொடைக்கோணும். வெயில்ல சூடேத்தோணும். சூடு ஆர்றதுக்குள்ள எண்ணெய். எண்ணெய் இருக்கோணும், ஆனா இருக்கறது தெரியக்கூடாதுங்க."

"காப்பி எப்போது குடிப்பது?"

"எல்லாம் முடிச்சுபோட்டுக் குடிங்க. பரீச்சைல பாதில எந்திரிச்சா எங்கள உட்டீங்களா?"

அவர் சொன்னபடியே செய்தேன். மஞ்சள் மீண்டும் வரவில்லை. எந்த எண்ணெய் என்பதில் மட்டும் ஒரு சிக்கல். அவர் பட்டறையிலிருந்து துருத்தடுப்பு எண்ணெய் ஒரு டப்பா கொண்டுவந்தார். நிலைமையைப் பார்வையிட வந்த மாவு ஆலை அம்மையார் அதை முகர்ந்துவிட்டு மூடியைத் திருகினார். "இதத் தடவுனா சாம்பார மிசினுக்குத்தானுங்க ஊத்தோணும்." நல்லெண்ணெய் நாளானால் பிசினாகிவிடும் என்றார் என் மனைவி. முடிவில் விளக்கெண்ணெய் என்று தீர்மானமாயிற்று. தடித்தது, எளிதில் வழியாதது, வயிற்றுக்குள் போனாலும் பழி சொல்ல முடியாதது.

போகும் முன் கடைசல்காரர் இன்னொன்றும் சொன்னார். அவர் பட்டறையில் ஒருவர் அளவுக்கருவியைத் தொட்டால், மறுநாள் அவருடைய விரல்ரேகை அதில் சிவப்பாய் எழும்பி நிற்குமாம். வேர்வையில் உள்ள உப்பு. "அவர எல்லாரும் உப்புக்கையின்னு கூப்புடுவோமுங்க. எண்ணெய் தடவுனப்புறம் வெறுங்கையில தொட்டராதீங்க சார்." என்னிடம் கையுறை இல்லை. ஒரு சோடிக் காலுறை இருந்தது. அதை அணிந்துகொண்டு, பள்ளி ஏடுகளுக்கு அட்டை போடும் பழுப்புத் தாளில் ஒவ்வொன்றையும் பொதிந்து, ஒன்று முதல் பதினெட்டு வரை எண்ணிட்டேன்.

"காலுக்குப் போடறதக் கைக்குப் போட்டாச்சு" என்றார் என் மனைவி, வாசற்படியில் நின்றபடி. "தொப்பிய எங்கீங்க போடப் போறீங்க?"

பெட்டியின் உட்புறத்தையும் துடைத்து, வெயிலில் காயவைத்து, நான்கு மூலையிலும் சூடக் கட்டி வைத்தேன். கருவிப் பெட்டியில் சூடம் வைப்பது பட்டறை வழக்கம் என்று அவர்தான் சொன்னார். அதனால் துரு எவ்வளவு தடைபடும் என்பதை நான் சோதித்ததில்லை. ஆனால் மணிக்கூண்டின் கீழறையில் ஒரு மாதம் வரை சூட மணம் வீசியது என்பதும், முதியவர் ஒருவர் அங்கே நின்று இருபக்கமும் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்பதும் உறுதி செய்யப்பட்ட செய்திகள்.

இனி மே முதல் நாளுக்கு வருகிறேன்.

தொழிலாளர் திருநாளன்று எங்கள் பங்கில் கருவிகளை மந்திரிப்பார்கள். இந்த ஊரில் தொழிற்கருவி இல்லாத வீடு குறைவு. ஆலய முற்றத்தில் நீண்ட மேசைகள் போட்டு, அவற்றின் மீது திருப்புளி, துளையிடும் அலகு, தையல் கத்தரி, மோட்டார் சுற்றும் கருவி என்று அவரவர் பிழைப்பை அவரவர் வைப்பார்கள். கணக்கர் ஒருவர் மடிக்கணினியை நெகிழிப் பையில் சுற்றி வைப்பார். குரு செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தபடி வரிசையாக வருவார். கடைசல்காரர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். இருந்தாலும் தவறாமல் வருவார். ஆயுத பூசைக்கு ஒருமுறை, இதற்கு ஒருமுறை என்று அவருடைய கருவிகள் இரண்டு பக்கமும் ஆசி பெற்றவை.

அன்று அவர் தம் கருவிப் பெட்டியை மூடி திறக்காமலே மேசை மீது வைத்தார். பக்திக் குறைவு என்று நான் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

எனக்கோ பெட்டியை மூடி வைக்க மனம் வரவில்லை. இரண்டு பேரைக் கொண்டு அதை முற்றத்துக்குத் தூக்கிவரச் செய்து, மூடியைத் திறந்தேன். ஆசி வெறும் பழுப்புத் தாள் மீது விழுந்து வீணாகக் கூடாது அல்லவா? மேலே இருந்த பதினெட்டாம் எண் பொதியைப் பிரித்து, அலகு வெளியே தெரியும்படி வைத்தேன். எண்ணெய் பூசிய இரும்பு வெயிலில் மினுங்கியது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பங்குக்குரு தீர்த்தம் தெளிப்பதில் சிக்கனம் அறியாதவர். அவர் நெருங்கும்போதே முன்வரிசையினர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். அரிவாள்மனைகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "திருவிழாச் சாப்பாடு இதுலதானே ஆரம்பிக்குது" என்று சொல்லி, இருமுறை தெளித்தார். அலகின் மீது துளிகள் முத்து முத்தாக நின்றன.

என் தோளில் துண்டு இருந்தது. ஈரம் கண்டால் துடை என்று ஏழு மாதம் பழகிய கை, தானாகவே அந்தத் துண்டுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. தெளித்தது குழாய்த் தண்ணீர் அல்ல, தீர்த்தம். நெற்றியில் விழுந்தால் யாராவது துடைப்பார்களா? அப்படியிருக்க, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் துண்டால் ஒற்றியெடுக்க எனக்குக் கை வரவில்லை. துளிகளோடு சேர்த்துத் தாளில் பொதிந்தேன். மூடினேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வீசியது. வீட்டில் தீப்பெட்டி நமுத்தது. திறந்தால் ஈரக்காற்று புகும் என்பதால் பெட்டியை நான் திறக்கவில்லை. ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் கீழறைக்குப் போய், அதன் மூடியைத் தட்டிப் பார்த்து வருவேன். தட்டினால் துரு வராது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, இருந்தும் தட்டினேன்.

செப்டம்பர். திருவிழாவுக்கு முந்தைய பிற்பகல். கொட்டகையில் வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்தது. காய்கறி அரிய வராத ஆண்களும் வந்திருந்தார்கள். சின்ன வெங்காயம் இரண்டு சிறிய சாக்குச் சிப்பம் தூணோரம் நின்றது. கதையில் வருவதுபோல் ஏழு அல்ல, இரண்டு. அவற்றுக்கு எதிரே ஒரு முக்காலியும், அதன்மேல் ஒரு மெத்தையும் போடப்பட்டிருந்தன.

"இதெதுக்குங்க?" என்று கேட்டேன்.

"சும்மாங்க வாத்தியாரய்யா" என்றார் மாவு ஆலை அம்மையார். "எதுக்கும் இருக்கட்டுமுங்க."

வரிசை கெடக்கூடாது என்று, மேலே இருந்த பதினெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முதல் எண்ணிலிருந்து பிரித்தேன். ஒன்று, தூய்மை. இரண்டு, தூய்மை. ஐந்தாவதைப் பிரித்தபோது பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பத்தாவதில் யாரோ "அட" என்றார்கள். பன்னிரண்டாவதில் என் மனைவி பக்கத்துப் பெண்ணிடம், "காலுறை ஒரு சோடி போச்சு, ஆனா பரவால்ல" என்றது என் காதில் விழுந்தது. பதினைந்தாவதில் அம்மையார் முக்காலியிலிருந்து மெத்தையை எடுத்துத் தாம் போட்டு அமர்ந்துகொண்டார். பதினேழும் முடிந்தன. துருவென்று சொல்ல ஒன்றுமில்லை. கடைசல்காரர் கைகட்டி நின்று தலையசைத்தார். என் மாணவர் எனக்கு மதிப்பெண் இட்டதுபோல் இருந்தது.

பதினெட்டைப் பிரித்தேன்.

தாள் அலகோடு ஒட்டியிருந்தது. மெல்ல உரித்தேன். அலகின் நடுவிலிருந்து நுனிவரை, கைவீச்சில் சிதறிய துளிகளைப் போல, செம்புள்ளிகள். பதினொன்று. எண்ணியவர்கள் பெண்கள் இருவர், தனித்தனியே எண்ணினார்கள். நானும் சரிபார்த்தேன்.

அம்மையார் எழுந்தார். மெத்தையைத் தட்டி, மறுபடி முக்காலி மீது போட்டார்.

"ஒரு புள்ளின்னுதான் சொன்னீங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு. "நீங்க எப்பவும் கேட்டதுக்கு மேலதாங்க குடுப்பீங்க."

நான் அமர்ந்தேன். முதல் வெங்காயத்தை எடுத்துப் பார்த்தேன். தோல் எல்லாப் பக்கமும் இருந்தது.

செய்தி கேட்டுப் பங்குக்குரு வந்தார். அலகை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். புள்ளிகள் சிதறியிருந்த போக்கைக் கண்டதும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. "இது என் கைவேலையாட்டம் இருக்குதே" என்றார். மே முதல் நாள் நடந்ததை நான் சொன்னேன்.

"தொடச்சிருக்கலாமே ஐயா."

"தீர்த்தத்தையா சாமி?"

"கும்புட்டுபோட்டுத் தொடச்சிருக்கோணும்" என்றார் அம்மையார்.

நான் கடைசல்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அன்று மூடிய பெட்டி இப்போதுதான் எனக்கு விளங்கியது. தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன்.

"சாமிய பக்கத்துல வெச்சுட்டு, தீர்த்தம் பட்டா துருப்புடிக்கும்னு எப்படிங்க சார் சொல்றது?" என்றார் அவர். "அதுவுமில்லாம, நீங்க தெறந்து வெச்சதப் பாத்து, எனக்குத் தெரியாதது ஏதோ உங்களுக்குத் தெரியுமாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க."

பழி தம்முடையது என்றும், பந்தயத்தை விட்டுவிடலாம் என்றும் பங்குக்குரு சொன்னார். அம்மையார் குறிப்பேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "யாரால வந்துச்சுங்கறது இதுல இல்லீங்க சாமி. ஒரு புள்ளி இருந்தாலும்னுதான் இருக்குது. வாக்கியம் ஐயாவோடதுங்க." நானும் அதை வழிமொழிந்தேன். என் வாக்கியத்தில் அப்படி ஓட்டை எதையும் நான் விட்டு வைக்கவில்லை. குரு சிரித்துக்கொண்டே ஒரு பலகையை இழுத்துப் போட்டு, எனக்கு எதிரே அமர்ந்து, பாடற்குழுவினர் வந்து அழைக்கும்வரை வெங்காயம் உரித்தார். ஒருவனே உரிப்பேன் என்ற சொல் அங்கே மீறப்பட்டது. யாரும் எதிர்க்கவில்லை. அம்மையார் மட்டும், "அது தெளிச்ச கைக்கு அபராதமுங்க" என்றார்.

முதல் சிப்பம் முடியும்போது எனக்குக் கண் தெரியவில்லை. கதையில் வரும் கண்ணீர் இதுதான். தண்ணீரில் ஊறப்போட்டால் தோல் எளிதாகக் கழலும் என்பதை, முதல் சிப்பம் முடிந்த பிறகே ஒருவர் எனக்குச் சொன்னார். சொன்னவர் என் மனைவி. இரண்டாவதைத் தொடங்கிச் சற்று நேரத்தில் அம்மையார் அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"போயி மொகத்தக் கழுவிபோட்டு, ஒரு காப்பி குடிச்சுட்டு வாங்கய்யா. வெங்காயம் எங்கயும் ஓடிப் போயராது."

போனேன். இம்முறை பெருமிதமில்லாமல் குடித்ததால் விரைவாகவே திரும்பினேன். சிப்பத்தில் ஒரு கைப்பிடி வெங்காயமே எஞ்சியிருந்தது. பக்கத்தில் இருந்த அண்டா நிறைந்திருந்தது. சுற்றிலும் பெண்கள் குனிந்து பூசணியும் பீன்சும் அரிந்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. யார் உரித்தது என்று கேட்டேன். "நாங்க தொடலீங்க" என்றார்கள், ஏறக்குறைய ஒரே குரலில். எஞ்சிய கைப்பிடியை நான் உரித்து முடித்தேன்.

பதினெட்டாம் அலகைக் கடைசல்காரர் அன்றே வாங்கிப்போய்ப் புள்ளிகளைத் தேய்த்தெடுத்தார். உற்றுப் பார்த்தால் சில இடங்களில் இரும்பு சிறிது குழிந்திருப்பது தெரியும். பெட்டி இந்த ஆண்டும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. கடந்த மே முதல் நாள் பங்குக்குரு தீர்த்தத்தோடு ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார். நான் கும்பிட்டுவிட்டுத் துடைத்தேன்.

தெரியாமல் எஞ்சியவை இவை. அன்றைய தீர்த்தத்தில், சில குருக்களின் வழக்கப்படி, உப்பு மந்திரித்துக் கலக்கப்பட்டிருந்ததா என்பது தெரியாது, குருவுக்கு நினைவில்லை. உப்பு இல்லாவிட்டாலும் அந்தப் புள்ளிகள் வந்திருக்குமா என்பது தெரியாது; கடைசல்காரர் வந்திருக்கும் என்கிறார், யாரும் சோதிக்கவில்லை. கடைசியாக எண்ணெய் பூசிய பதினெட்டாவதற்கு நான் சற்றுக் குறைவாகப் பூசியிருந்தேனா என்பது எனக்கே தெரியாது.

இரண்டாம் சிப்பத்து வெங்காயத்தை உரித்தவர்கள் யார் என்பதும் தெரியாது. அன்று மாலை ஒவ்வொருவர் கையையும் முகர்ந்து பார்த்து உறுதி செய்திருக்கலாம். நான் கேட்கவில்லை.